செத்துப் பிழைத்த ஆல்ஃபிரட்

1693-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், நார்த் பெதர்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நகை கிடைத்தது. ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். பொன் சட்டம், அதற்குள் படிகக்கல், கல்லுக்கு அடியில் எனாமலில் தீட்டிய ஒரு மனித உருவம். கண்கள் மட்டும் அநியாயத்துக்குப் பெரியவை. நகையின் கீழ் முனையில் ஒரு மிருகத் தலை, அதன் வாயில் ஏதோ குச்சியைச் செருகுவதற்கான துளை. விளிம்பைச் சுற்றிப் பொன்னிலேயே வெட்டிய எழுத்துகள். தன்னைச் செய்யச் சொன்னவர் ஆல்ஃபிரட் என்று நகையே வாய் திறந்து சொல்வதுபோல் அமைந்த ஒரு வரி.

அந்த ஆல்ஃபிரட் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குப் பெரிய சண்டை இல்லை. 871 முதல் 899 வரை இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட அரசர். நகை கிடைத்த இடத்திலிருந்து சில மைல் தொலைவில்தான் ஏதல்னி என்ற சதுப்புநிலத் தீவு இருக்கிறது. 878-இல் வைகிங்குகளிடம் நாட்டையே பறிகொடுத்துவிட்டு அவர் பதுங்கியிருந்த இடம் அது. போப் கிரெகரி எழுதிய நூல் ஒன்றைப் பழைய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆயர்களுக்கு அனுப்பியபோது, ஒவ்வொரு பிரதியுடனும் விலையுயர்ந்த பொருள் ஒன்றையும் சேர்த்து அனுப்பியதாக அவரே சொல்கிறார். வரி தவறாமல் படிக்கப் பயன்படும் சுட்டுக்கோலின் பிடியாக இந்த நகை இருந்திருக்கும் என்பது பலரின் கருத்து. 1718-லிருந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பார்க்கலாம்.

நகையில் பொறித்த பெயர் இன்றைக்கும் ஆட்களுக்கு வைக்கப்படுகிற பெயர். ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வைக்கப்பட்ட பெயர் என்று நினைத்தால் தப்பு. நடுவில் ஐந்தாறு நூற்றாண்டுகள் இந்தப் பெயர் ஏறக்குறைய காணாமலே போனது.

முதலில் பொருள். குழந்தைப் பெயர்ப் புத்தகம் எதைப் புரட்டினாலும் ஆல்ஃபிரட் என்றால் 'எல்ஃப்களின் ஆலோசனை பெற்றவன்' என்று போட்டிருக்கும். சொல்லிலக்கணப்படி சரிதான். பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்: 'ஆல்ஃப்' என்றால் எல்ஃப், 'ராட்' என்றால் அறிவுரை. ஆனால் பெயரை இப்படி இரண்டாகப் பிளந்து கூட்டிப் பொருள் சொல்வது, அந்தப் பெயரை வைத்தவர்கள் செய்த காரியம் அல்ல.

அந்தக் காலத்து ஆங்கிலேயர்களிடம் பெயர் வைக்க ஒரு கட்டுமானப் பெட்டி இருந்தது. முன்பாதிக்குச் சில துண்டுகள், பின்பாதிக்குச் சில துண்டுகள். ஏதெல் என்றால் உயர்குலம், ஏயட் என்றால் செல்வம், வுல்ஃப் என்றால் ஓநாய், ஸ்டான் என்றால் கல், வியர்ட் என்றால் காவலன், கிஃபு என்றால் கொடை. எதை எதோடு வேண்டுமானாலும் பொருத்தலாம். எட்வர்ட் என்பது செல்வமும் காவலும். எடித் என்பது செல்வமும் போரும். 'செல்வப்போர்' என்று பெண் குழந்தைக்கு யாராவது யோசித்துப் பெயர் வைப்பார்களா? வூஸ்டர் நகரின் ஆயராக இருந்து 1095-இல் இறந்த வுல்ஃப்ஸ்டான் விஷயத்தில் குட்டு வெளிப்படையாகவே உடைகிறது. அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு, அப்பா பெயர் ஏதெல்ஸ்டான். அம்மாவின் தலை, அப்பாவின் வால். ஓநாய்க்கல் என்று ஒரு பொருள் தேடிப் புறப்பட்டால் கிடைக்காது. அதில் இருப்பது இரண்டு பெற்றோர்.

அரச குடும்பத்திலும் இதே கணக்கு. ஆல்ஃபிரட்டின் அப்பா ஏதெல்வுல்ஃப். ஆல்ஃபிரட்டுக்கு முன் அரியணை ஏறிய மூன்று அண்ணன்கள் ஏதெல்பால்ட், ஏதெல்பெர்ட், ஏதெல்ரெட். அக்கா ஏதெல்ஸ்வித். உயிரெழுத்தில் தொடங்குவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். தாத்தா எக்பெர்ட்டும் அதே வரிசைதான். கடைசிப் பையனுக்கு 'ஏதெல்' கிடைக்கவில்லை, ஆனால் முதல் ஒலி வீட்டு ஒலியாகவே இருந்தது. பின்பாதியை அண்ணன் ஏதெல்ரெட்டோடு பங்குபோட்டுக்கொண்டான். 849-இல் வாண்டேஜில் பிறந்த குழந்தையின் பெயர் விளக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

அதற்காகத் துண்டுகளின் பொருள் யார் காதிலும் விழவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நூறு ஆண்டு கழித்து வந்த இன்னொரு ஏதெல்ரெட், ஆட்சியைச் சொதப்பினார். பெயரோ உயர்ந்த ஆலோசனை. பின்னால் வந்தவர்கள் அவருக்கு 'அன்ராட்' என்று பட்டப்பெயர் கட்டிவிட்டார்கள்: ஆலோசனை கெட்டவர். கேலி செய்கிற நேரத்தில் மட்டும் பொருள் நினைவுக்கு வந்திருக்கிறது.

எல்ஃப் விஷயம் இன்னும் சுவையானது. கிறிஸ்துமஸ் படங்களில் பொம்மை செய்கிற, கூர்க்காதுக் குள்ளர்களை இதில் கொண்டுவரக் கூடாது. அன்றைய எல்ஃப்கள் மனித உருவம் கொண்டவர்கள், அழகானவர்கள், ஆபத்தானவர்கள். சங்கப் பாடல்களின் அணங்கை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட வந்துவிடலாம். பழைய ஆங்கிலக் கவிதையில் விவிலியத்து சாராளின் அழகைச் சொல்ல 'எல்ஃப் போல் ஒளிர்பவள்' என்ற பொருளில் ஒரு சொல்லே இருக்கிறது. அதே எல்ஃப்கள் கண்ணுக்குத் தெரியாத அம்பு எய்து மனிதருக்கும் குதிரைக்கும் நோய் வரவைப்பார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. பேயோவுல்ஃப் காவியத்தில் அவர்களுக்கு அரக்கர்களின் வரிசையில்தான் இடம்.

பிறகு ஏன் பிள்ளைகளின் பெயரில் ஏறினார்கள்? இதில் கவனிக்க ஒன்று உண்டு. அரக்கர், பூதம், குள்ளர் ஆகியவற்றுக்கான சொற்கள் பழைய ஆங்கிலப் பெயர்களில் வருவதில்லை. தெய்வத்தைக் குறிக்கும் 'ஓஸ்' வருகிறது. ஆஸ்வால்டின் முன்பாதி அதுதான். எல்ஃப் வருகிறது. ஆகவே பெயர்ப் பெட்டி உருவான காலத்தில் எல்ஃப்கள் தெய்வங்களின் பக்கம் நின்றிருக்க வேண்டும். கிறிஸ்தவம் வந்த பிறகுதான் அவர்கள் படிப்படியாகப் பேய்களின் பக்கம் தள்ளப்பட்டார்கள். பெயர்களில் மட்டும் பழைய மரியாதை உறைந்து நின்றது. ஆர்ச்பிஷப்புக்கும் ஆல்ஃபேஜ் என்று பெயர் இருந்தது. அதன் தொடக்கமும் எல்ஃப்தான்.

இந்த முரண் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டு லண்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள பத்தாம் நூற்றாண்டு மருத்துவச் சுவடி அது. எல்ஃப் நோய்க்கு என்ன மூலிகை, என்ன மந்திரம் என்று அதில் இருக்கிறது. அதே சுவடியில், ஜெருசலேமின் தலைமை ஆயர் எலியாஸ் ஒரு நோயாளிக்குச் சொல்லியனுப்பிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. பெட்ரோலியம் குடிப்பது அவற்றில் ஒன்று. நோயாளி: ஆல்ஃபிரட் அரசர். வாழ்நாளில் பெரும்பகுதி நோயோடு அல்லாடியவர். எல்ஃப் நோய் மருந்தும் எல்ஃப் பெயர் கொண்ட அரசரின் மருந்தும் சில ஏடுகள் இடைவெளியில். எழுதியவருக்கு அதில் எந்த வேடிக்கையும் தோன்றியதாகத் தெரியவில்லை.

பிறகு 1066.

நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். நிலம் கைமாறியது, பெயர்களும் கைமாறின. உச்சியில் இருப்பவர்களின் பெயரை நடுவில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள, அவர்களைப் பார்த்துக் கீழே இருப்பவர்களும் எடுத்துக்கொள்ள, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஊரெல்லாம் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி. யாரும் சட்டம் போடவில்லை. விட்பி பக்கத்தில் பிறந்து பின்னால் துறவியான பார்தலமியூவின் வரலாறு, இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று காட்டுகிறது. பிறந்தபோது அவர் பெயர் டோஸ்டிக். கூட விளையாடிய பிள்ளைகள் கேலி செய்ததால் பெற்றோர் வில்லியம் என்று மாற்றிவிட்டார்கள். சில தலைமுறைகளுக்கு முன் ஒரு பிரபுவின் பெயராக இருந்தது, தெருவில் சிரிப்புக்கு ஆளாகிவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. ஆல்ஃபிரட்டின் மகளை ஃபிளாண்டர்ஸ் சிற்றரசருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வழியில் வந்தவள்தான் மெட்டில்டா, வெற்றிவீரர் வில்லியமின் மனைவி. ஆல்ஃபிரட்டின் ரத்தம் அரண்மனைக்குத் திரும்பி வந்துவிட்டது. பெயர் வரவில்லை.

எட்வர்ட் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் இரண்டு சகோதரர்களின் கதையில் இருக்கிறது. அதே ஆலோசனை கெட்ட ஏதெல்ரெட்டின் பிள்ளைகள், எட்வர்ட், ஆல்ஃபிரட். டேனியர் ஆட்சியில் இருவரும் நார்மண்டியில் அகதிகளாக வளர்ந்தவர்கள். 1036-இல் ஆல்ஃபிரட் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தான். பிடித்துக் கண்களைக் குருடாக்கினார்கள். ஈலி மடாலயத்தில் செத்துப்போனான். எட்வர்ட் பொறுத்திருந்து அரசரானார், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைக் கட்டினார், இறந்தபின் புனிதராகவும் ஆனார். அந்தப் புனிதர்மேல் அளவுகடந்த பக்தி வைத்திருந்த மூன்றாம் ஹென்றி 1239-இல் தன் மகனுக்கு எட்வர்ட் என்று பெயர் வைத்தார். அடுத்தடுத்து மூன்று எட்வர்ட்கள் ஆண்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

ஆல்ஃபிரட்டுக்கு அப்படி ஒரு புனிதர் கிடைக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் ஹென்றி, ஆல்ஃபிரட் அரசரைப் புனிதராக்கும்படி போப்புக்கு எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆகப் பெயர் லத்தீன் ஆவணங்களில் ஆலுரேடுஸ் என்று உருமாறி ஒண்டிக்கிடந்தது. ஃப எழுத வேண்டிய இடத்தில் எழுத்தர்கள் வ எழுதினார்கள், வ-வும் உ-வும் அன்று ஒரே எழுத்து. இந்தக் குழப்பத்திலிருந்து ஆலுரெட் என்று ஒரு குடும்பப் பெயரே முளைத்தது. 1649-இல் முதலாம் சார்லஸ் அரசரின் தலையை வெட்டச் சொல்லிக் கையெழுத்திட்டவர்களில் ஜான் ஆலுரெட் என்று ஒருவர் உண்டு. அரசரின் பெயர், அரசரைக் கொன்றவரின் கையெழுத்தில் உயிரோடிருந்தது.

மீட்பு புத்தகங்கள் வழியாக வந்தது. ஆல்ஃபிரட்டின் காலத்திலேயே ஆஸர் என்ற வேல்ஸ் நாட்டுத் துறவி அவர் வரலாற்றை லத்தீனில் எழுதியிருந்தார். 1574-இல் ஆர்ச்பிஷப் மேத்யூ பார்க்கர் அதை அச்சிட்டார். ரோமைவிட்டு விலகிய இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சொந்த மூதாதையர் தேவைப்பட்ட காலம் அது. விவிலியத்தின் சில பகுதிகளையும் சமய நூல்களையும் மக்கள் மொழியில் கொடுத்த அரசர் கையில் கிடைத்தால் விடுவார்களா? பதிப்பாசிரியர் கொஞ்சம் கைவரிசையும் காட்டினார். பதுங்கியிருந்த ஆல்ஃபிரட், அடுப்பில் வெந்துகொண்டிருந்த ரொட்டியைக் கவனிக்காமல் கருகவிட்டு வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கிய கதை ஆஸர் எழுதியது அல்ல. பிற்காலத்து நூலிலிருந்து பார்க்கர் எடுத்துச் செருகியது. மூலச்சுவடி 1731-இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் சாம்பலாகிவிட்டது. ஆங்கிலேயக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது கருகின ரொட்டிக் கதையைத்தான். 'மகா' என்ற அடைமொழியும் இந்தப் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் ஆல்ஃபிரட்டோடு நிரந்தரமாக ஒட்டியது.

அடுத்து அரசியல். 1740 ஆகஸ்ட் 1 அன்று, கிளிவ்டன் மாளிகையில் ஃபிரெடரிக் இளவரசர் முன்னிலையில் 'ஆல்ஃபிரட்' என்ற இசை நாடகம் அரங்கேறியது. அப்பா இரண்டாம் ஜார்ஜோடு அவருக்கு ஆகாது. ஜெர்மானிய வம்சத்தில் பிறந்த தான் அசல் ஆங்கில தேசபக்த அரசராக வருவேன் என்று காட்ட, கப்பற்படை கட்டிய ஆல்ஃபிரட்டைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. நாடகம் மறந்துபோய்விட்டது. அதன் முடிவில் தாமஸ் ஆர்ன் இசையமைத்த 'ரூல் பிரிட்டானியா' மட்டும் இன்றுவரை ஒலிக்கிறது. ஃபிரெடரிக் அரசராகவில்லை, அவர் மகன் மூன்றாம் ஜார்ஜ், 1780-இல் பிறந்த தன் பிள்ளைக்கு ஆல்ஃபிரட் என்று பெயரிட்டார். இரண்டு வயது நிரம்பும் முன்பே அந்தக் குழந்தை போய்விட்டது.

ஆனால் கதவு திறந்துவிட்டது. 1809-இல் பிறந்த கவிஞர் டென்னிசன், 1823-இல் பிறந்து பின்னாளில் டார்வினோடு பரிணாமக் கொள்கையைப் பங்கிட்டுக்கொண்ட ரஸல் வாலஸ், இரண்டு பேரும் ஆல்ஃபிரட். கடலைத் தாண்டியும் போயிற்று: பிரான்சில் கவிஞர்கள் விஞ்யி, முஸ்ஸே. ஸ்டாக்ஹோமில் 1833-இல் பிறந்த நோபல். ஜெர்மன் எஃகு அதிபர் குருப்புக்கு ஞானஸ்நானப் பெயர் ஆல்ஃபிரீட். இங்கிலாந்து போய்வந்த மோகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு மாறிக்கொண்டார். 1853-இல் வெர்டியின் ஓப்பராவில் பாடிய காதலனின் பெயர் ஆல்ஃப்ரேடோ. நார்மன்களால் ஒதுக்கப்பட்ட பெயர் பாரிஸில் நாகரிகமாக ஆனது விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

விக்டோரியா ராணி 1844-இல் பிறந்த இரண்டாவது மகனுக்கு ஆல்ஃபிரட் என்று பெயரிட்டதும் பெயர் கப்பலேறிவிட்டது. அந்த இளவரசர் கடற்படை அதிகாரி. போன துறைமுகமெல்லாம் பெயரை விட்டுவிட்டு வந்தார். 1860-இல் கேப் டவுனில் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல்லைக் கொட்டினார். இன்று அங்கே இருக்கிற பெரிய வணிக வளாகம் விக்டோரியா அண்ட் ஆல்ஃபிரட் வாட்டர்ஃப்ரன்ட். அதை 'ஆல்பர்ட்' என்று சொல்லும் சுற்றுலாப் பயணிகளைத் திருத்தித் திருத்தி ஊர்க்காரர்கள் சலித்துவிட்டார்கள். ஆல்பர்ட் அப்பா, பெயரும் வேறு: உயர்குலம், ஒளி. 1868 மார்ச்சில் சிட்னி பக்கம் ஒரு விருந்தில் ஒருவன் இளவரசரை முதுகில் சுட்டான். அவர் பிழைத்தார், சுட்டவனை அடுத்த மாதமே தூக்கிலிட்டார்கள். நன்றி சொல்லும் வகையில் மக்கள் பணம் திரட்டிக் கட்டிய மருத்துவமனை இன்றும் சிட்னியில் அவர் பெயரில் நடக்கிறது. மெல்போர்னில் இன்னொன்று.

1869 முடிவில் இந்தியா. 1870-இல் இலங்கை. கொழும்பில் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற பெரும் செல்வர் அவருக்குத் தன் மாளிகையில் விருந்து வைத்தார். பொன் தட்டில் பரிமாறினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதன் நினைவாக மாளிகைக்கே ஆல்ஃபிரட் ஹவுஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. மாளிகை போய்விட்டாலும், கொள்ளுப்பிட்டியில் வீடு தேடுகிறவர்கள் ஆல்ஃபிரட் ஹவுஸ் கார்டன்ஸ், ஆல்ஃபிரட் பிளேஸ் என்று இன்றும் முகவரி எழுதுகிறார்கள். அலகாபாத்தில் அவர் வந்துபோன நினைவாக ஒரு பூங்கா எழுந்தது. 1931 பிப்ரவரி 27 அன்று அந்த ஆல்ஃபிரட் பூங்காவில்தான் சந்திரசேகர் ஆசாத் போலீஸ் சுற்றிவளைப்பில் உயிர்விட்டார். இப்போது பூங்கா ஆசாத்தின் பெயரில் இருக்கிறது. ராஜ்கோட்டில் காந்தி படித்த பள்ளியும் நெடுங்காலம் ஆல்ஃபிரட் உயர்நிலைப்பள்ளி என்று அறியப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் மோகன்தாஸ் காந்தி பெயருக்கு மாறியது. வைகிங்குகளை விரட்டிய அரசரின் பெயர் இருந்த இடத்தை வெள்ளையரை விரட்டியவர்களின் பெயர்கள் எடுத்துக்கொண்டன.

இங்கிலாந்தில் 1901-இல் ஆயிரமாவது நினைவாண்டு. வின்செஸ்டரில் ஹாமோ தார்னிகிராஃப்ட் வடித்த பிரமாண்டச் சிலையைத் திறந்தார்கள். ஆல்ஃபிரட் இறந்தது 899 என்று பிறகுதான் உறுதியானது. விழா இரண்டு வருடம் தாமதம். சரியான ஆயிரமாவது ஆண்டில், 1899 ஆகஸ்டில், லண்டனின் கிழக்குப் புறநகரில் ஒரு காய்கறிக் கடைக்காரர் தன் மகனுக்கு ஆல்ஃபிரட் என்று பெயர் வைத்தார். அந்த மகன்தான் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக். அரச வரலாறு எதையும் அவர் படமாக எடுக்கவில்லை.

காய்கறிக் கடை என்பதில்தான் அடுத்த திருப்பம் இருக்கிறது. அரச குடும்பம் வைத்த பெயரை நடுத்தர வர்க்கம் வைத்தது, பிறகு தொழிலாளி வர்க்கம் வைத்தது. நார்மன் காலத்தில் வில்லியம் இறங்கிய அதே படிக்கட்டு. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் குப்பை வண்டிக்காரர் டூலிட்டிலின் முதற்பெயர் ஆல்ஃபிரட். 1966 வந்தபோது பெயர் முழுக்க அந்தத் தட்டில் நின்றது. உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் கால்பந்து அணியின் மேலாளர் ஆல்ஃப் ராம்சி. தொலைக்காட்சியில் வாய்நிறைய வெறுப்பு பேசும் கிழக்கு லண்டன் கிழவர் ஆல்ஃப் கார்னெட். திரையில் பெண்பித்தன் ஆல்ஃபியாக மைக்கேல் கெய்ன். மூன்று பேரும் ஒரே ஆண்டில். இப்படி ஒரு பெயர் நாடெங்கும் பழகிவிட்டால் அடுத்த தலைமுறைப் பெற்றோருக்கு அது தாத்தா பெயர். எழுபதுகளில், எண்பதுகளில் ஆல்ஃபிரட் என்று குழந்தைக்கு வைத்தவர்கள் அபூர்வம்.

தாத்தா பெயர் கொள்ளுத்தாத்தா பெயராக முதிர்ந்ததும் மறுபடி அழகாகிவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆல்ஃபி என்ற செல்லப்பெயரே பதிவேட்டுப் பெயராக ஏறி, இங்கிலாந்து–வேல்ஸ் ஆண் குழந்தைப் பெயர்களில் சில ஆண்டுகள் முதல் பத்துக்குள் வந்தது. அங்கே புள்ளிவிவர அலுவலகம் எழுத்துக்கூட்டலை வைத்துத்தான் எண்ணும். ஆல்ஃபியும் ஆல்ஃபிரட்டும் அதன் பட்டியலில் இரண்டு வெவ்வேறு பெயர்கள். இரண்டையும் கூட்டினால் இன்னும் மேலே போகும்.

அமெரிக்காவில் இது வேறு வேஷத்தில் நடமாடுகிறது. நார்மன்கள் ஆல்ஃபிரட்டைப் பிரெஞ்சு வாயால் உச்சரித்து ஆவரி என்று தேய்த்திருந்தார்கள். அது ஏவரி என்ற குடும்பப் பெயராகி, அட்லாண்டிக்கைக் கடந்து, அங்கே முதற்பெயராக மாறி, கடைசியில் பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. 2010-களில் அமெரிக்கப் பெண் குழந்தைப் பெயர்களில் சில ஆண்டுகள் முதல் இருபதுக்குள் ஏவரி இருந்தது.